பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சிவப்பு கார்

கார் சீட் தைக்கும் எங்கள் தொழிலில் ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துவிடும்: வண்டியின் விலை ஏற ஏற, அதில் உட்காருகிறவர்கள் குறைந்துகொண்டே வருவார்கள். மும்பை தாராவியில் கடை போட்டிருக்கும் பெண் நான், எனக்கு இது தினசரி அவஸ்தை. கார் வேலை பார்க்கிற நீங்களும் பட்டிருப்பீர்கள்.

உறைக்கு மேல் உறை

தமிழ் ஹோட்டல்களுக்குப் பேர்போன மாட்டுங்காவிலிருந்து வெங்கட் சார் வந்தார். வங்கி அதிகாரி. ரொம்ப நாள் ஆசைப்பட்டு, இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருந்தார். கம்பெனி போட்டு அனுப்பிய சீட் பிளாஸ்டிக்கை அவர் கழற்றவே இல்லை. நம் ஆட்களுக்கு அதைக் கிழிக்க மனசு வராது என்பது தெரிந்ததுதான். டிவி ரிமோட்டுக்கே உறை போட்டு வைக்கிறவர்கள் நாம். இவர் ஒரு படி மேலே போய், அந்தப் பிளாஸ்டிக்குக்கு மேல் இன்னொரு உறை தைத்துத் தரச் சொன்னார்.

"தோல் சீட்டுக்குக் காத்து படணும் சார்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கிற மாதிரி இல்லை. கல்லூரியில் படிக்கும் மகள் நித்யாவுக்காகப் பாதுகாக்கிறாராம்.

"அவளுக்கு என் வயசாறச்சே இது கிளாசிக் கார்ம்மா. அன்னிக்குத் திறந்தாலும் ஷோரூம் வாசனை வரணும்."

அணையாத விளக்கு

உறையை அடிப்பக்கம் இழுத்துக் கட்ட சீட்டைக் கழற்ற வேண்டும். கடையில் என்னோடு வேலை பார்க்கும் காஜா பாய் கழற்றினார். செம்பூரில் ஒருவர் ஓட்டும் அறுபது வயசுக் காருக்கு வருஷக்கணக்காகச் சீட் தைத்துத் தருகிறவர் அவர். அந்த வண்டியில் நாலு போல்ட்டைக் கழற்றினால் சீட் கையோடு வந்துவிடும்.

இதில் ஒயரைப் பிரித்ததும் ஏர்பேக் விளக்கு எரிந்தது. திரும்ப மாட்டியும் அணையவில்லை. சர்வீஸ் ஆள் லேப்டாப்போடு வந்துதான் அணைத்தார். அதுவரை வெங்கட் சாருக்கு வியர்த்துக் கொட்டியது. நாற்பது வருஷம் கழித்து இந்த வண்டி மக்கர் பண்ணினால் அந்த லேப்டாப்புக்கு எங்கே போவது என்று எனக்கே கவலையாகிவிட்டது. காஜா பாய்க்குக் கடுப்பு.

"பளைய வண்டி அடிச்சாலும் வாங்கிக்கிடும்க்கா. இது தொட்டாலே கம்ப்ளைண்ட் பண்ணுது!"

மழைக்குப் பிறகு

மழைக்காலம் முழுக்கக் கார் பார்க்கிங்கிலேயே நின்றது. மேலே ஒரு கவர், உள்ளே சீட்டுக்கு இரண்டு உறை. மழை ஓய்ந்ததும் ஒரு கார் கண்காட்சியில் வைக்க ஆசைப்பட்டு, வெங்கட் சார் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

நான் உறைகளைக் கழற்றினேன். ஷோரூம் வாசனை வரவில்லை. சீட் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. துடைக்கத் துடைக்கப் பூஞ்சை போனது, சாம்பல் புள்ளிகள் போகவில்லை. புதுத் தோல் போட்டால் ஒரிஜினல் இல்லை, அப்படியே விட்டால் புள்ளி. பழைய கார் சேகரிக்கிறவர்கள் இரண்டுக்குமே முகம் சுளிப்பார்கள். "வித்துடறேன்மா" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. அன்றைக்கே சொன்னேனே என்று குத்திக்காட்ட மனசு வரவில்லை.

நித்யா கதவைத் திறந்து, புள்ளி விழுந்த சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தாள்.

"எனக்குன்னு பொத்தி வெச்சே, இப்போ விக்கப் போறேங்கறே. நான் இதுல உக்கார்றதே இன்னிக்குத்தான்ப்பா."

சாம்பார்

அவர் விற்கவில்லை. சில மாதம் கழித்து அப்பாவும் மகளும் வந்தார்கள். ஓட்டி வந்தது மகள். லோனாவாலா மலைக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியாம். வண்டி முழுக்கப் புழுதி. காரிலேயே பார்சல் இட்லி சாப்பிட்டதில் சீட்டில் சாம்பார் கொட்டியிருந்தது. அந்தச் சீட்டில் ஆள் உட்கார்ந்த அடையாளத்தைப் பார்த்ததில் எனக்கு ஒரே சந்தோஷம். "இதாவது போகுமாம்மா?" என்று வெங்கட் சார் மெதுவாகக் கேட்டார். நான் ஈரத் துணியை எடுத்தேன். நித்யா என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"ரெஹ்னே தோ ஆன்ட்டி, இருக்கட்டும். அந்தப் புள்ளியெல்லாம் அப்பாவோடது, இது என்னோடது."

இந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களும் ஒருநாள் கிளாசிக் ஆகுமா என்று கேட்டால், கட்டாயம் ஆகும், ஆனால் அன்றைக்கு வாங்க வருகிறவர் ஒரு லேப்டாப்பையும், சாம்பார் ஒரிஜினல்தானா என்று சொல்ல ஒரு மாட்டுங்காக்காரரையும் கூடவே கூட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.