நோன்புத் தாகம் என்று நினைத்தது

அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது, கிணற்றடிக் குழாயில் வாய் வைத்து என் மகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது, நோன்பு கடமையான பிள்ளை. முக்காட்டின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி கத்தினேன். "அல்லாஹ்ட பயமில்லையா உனக்கு? இன்னும் ரெண்டு மணித்தியாலம் பொறுக்க ஏலாதா?"

"ஏலாமக் கிடக்கு வாப்பா. குடிக்கக் குடிக்க விடாய் அடங்குதில்ல" என்றாள். அவள் உள்ளதைத்தான் சொன்னாள். நான் அதை வாய்க்கொழுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவள் ஒரு நோன்பையும் விடவில்லை. வாடிப்போன முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, நோன்பு திறக்கும்போது கஞ்சியோடு மூன்று நான்கு கிளாஸ் சர்பத் ஊற்றிக் கொடுத்தோம். அவள் உம்மா வேறு, "கழுத்தெல்லாம் ஊத்தை, தேய்ச்சுக் குளிக்கிறல்லயா?" என்று புளிப்புத் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்துவிடுவாள். தோல் எரிந்ததுதான் மிச்சம், கறுப்புப் போகவில்லை. வெளியே போகும்போது பர்தா மூடிவிடும் என்பதால் நாங்களும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பெருநாளைக்கு இரண்டு நாள் இருக்கும்போது தலை சுற்றி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டொக்டரம்மா முதலில் அந்தக் கழுத்தைத்தான் பார்த்தார். "இது ஊத்தையில்ல. உடம்பில இன்சுலின் சரியா வேலை செய்யாட்டி தோல் இப்பிடிக் கறுக்கும்" என்றார். விரலில் குத்திப் பார்த்தபோது சீனி கூடிக் கிடந்தது. "பெரியாக்களுக்கு வாற அதே நீரிழிவு வருத்தம்தான். இப்ப புள்ளைகளுக்கும் வருகுது."

எனக்கே பத்து வருடமாக அந்த வருத்தம். இரண்டு வேளையும் குளிசை போடுகிறவன், அந்த விடாய் எப்படியிருக்கும் என்று அனுபவித்தவன். சொந்தப் பிள்ளைக்கு வந்தபோது மட்டும் அது அல்லாஹ்வில் பயமில்லாத ஈமான் குறையாகத் தெரிந்ததே, சே!

இப்போது வீட்டில் சர்பத் போத்தல் இல்லை. எல்லோர் சோற்றுக் கோப்பையிலும் பாதி மரக்கறி. பின்னேரங்களில் நானும் அவளும் கடற்கரையில் நடக்கிறோம். டொக்டரம்மா சரி என்று சொல்லும்வரை அவளுக்கு நோன்பு இல்லை. குளிசையை அவளே மறக்காமல் போடுகிறாள். விடாயோ களைப்போ வந்தால் ஒளிக்காமல் உடனே சொல்ல வேண்டும், பிந்தினால் ஆபத்து என்று டொக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எல்லாம் நல்லாப் போகுது என்றுதான் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன மாதக் கிளினிக்கில் டொக்டரம்மா கேட்டார்: "விடாய் இருக்கா மகள்? ஒண்டுக்குப் போக அடிக்கடி எழும்புறீங்களா?"

மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கோபிப்பேனா என்று பார்க்கிறாள். "நான் வெளியில நிக்கிறன் டொக்டர்" என்று எழும்பிப் போய், திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றேன். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஓம் டொக்டர். ரெண்டு கிழமையா இருக்கு. வாப்பாட்டச் சொல்லிராதீங்க."