சட்டப்படி நான் யார்

சட்டப்படி என்கிற வார்த்தையை எங்கள் பாகூர்ப் பக்கத்து ஜனங்கள் எழுபதுகளில்தான் அதிகமாகப் பேச ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பு செல்லும், செல்லாது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று உதை வாங்கித்தான் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ப் பதினாறாம் நாள். கருமாதிப் பந்தலைக்கூடப் பிரிக்கவில்லை. அவருடைய தம்பி, என் கொழுந்தன், உறவுக்காரர் அத்தனை பேர் எதிரிலும் எழுந்து நின்றான்.

"நீ சட்டப்படி பொண்டாட்டியே இல்ல. கரும்புக் கொல்லை இனிமே என்து. உன் ஊர பாத்து நட."

"தாலி கட்டும்போது பக்கத்துல நின்னு பல்ல இளிச்சியே, அப்ப நான் இன்னாடா?" என்றேன்.

"மேரில எழுதுனியா? எழுதல இல்ல? அப்ப கெளம்பு."

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசை நாங்கள் பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து மேரி என்றுதான் சொல்வோம். இந்தப் பக்கத்தில் கல்யாணம் என்றால் அங்கே போய்ப் பதிவார்கள். எனக்குத் தாலி கட்டினது ஆற்றுக்கு அந்தப் பக்கம், கடலூர்ப் பக்கத்தில், என் அப்பன் ஊர்க் கோயிலில். அங்கே அந்த வழக்கம் கிடையாது. இங்கே வந்து எழுதிக்கொள்ளலாம் என்றார் வீட்டுக்காரர். நடவு வந்தது, களை வந்தது, மகள் பிறந்தாள், எழுதவில்லை. எல்லை தாண்டி வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் பலருக்கும் இதே கதைதான்.

அந்தக் கொல்லை போனால் எனக்கும் மகளுக்கும் சோறு இல்லை. அதனால் நான் நகரவில்லை.

மூன்றாம் நாள் கொழுந்தன் நாலு ஆட்களோடு கரும்பு வெட்ட வந்தான். நான் வரப்பில் கத்தியோடு நின்றேன். ஒரு முழுக் கரும்பை ஒடித்து என் வலது கை மேல் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் என் காதிலேயே கேட்டது. கத்தி விழுந்தது. மயிரைப் பிடித்து வாய்க்கால் சேற்றில் இழுத்தான். ஒவ்வொரு உதைக்கும், "சட்டப்படி நீ யாருடி?" என்று கேட்டான். சேற்றில் துழாவி இடது கையால் கத்தியை எடுத்து வீசினேன். அவன் காது பாதி அறுந்து தொங்கியது. கரும்புத் தோகையெல்லாம் ரத்தம். கூலிக்கு வந்தவர்கள் ஓடிப்போனார்கள்.

"கொலகாரி! கொலகாரி!"

"கிட்ட வாடா. இன்னொரு காது சும்மாதான இருக்குது."

எனக்கு முன்னால் அவன் ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். என்னைப் பிடித்துவந்து சுவரோரம் உட்கார வைத்தபோது ஏட்டு அவனிடம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"யாருய்யா வெட்டுனது?"

"எங்க அண்ணி சார்."

"அண்ணின்னா? ஊர்ல எல்லாத்தையும் அண்ணின்னுதான் சொல்றீங்க."

"சொந்த அண்ணி சார். கூடப்பொறந்த அண்ணன் பொண்டாட்டி. எங்க அண்ணன் செத்து இன்னும் மாசம் ஆவல, அதுக்குள்ள என்ன வெட்டிட்டா."

அடியில் கையெழுத்தும் போட்டான். எனக்கு இருந்த வலியில் அதன் அருமை அப்போது தெரியவில்லை.

அதற்கப்புறம் கொல்லை வழக்குக்கு நான் வைத்த வக்கீல் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தார். "கோயில்ல கட்டுன தாலி செல்லும்மா. ஒன் புருஷன் வீட்டுப் பக்கம் சாட்சி இல்லையேன்னுதான் பயந்தேன். ஒன் கொழுந்தனே எழுதிக் குடுத்திருக்கான் பாரு."

கோர்ட்டில் அவன், நான் அவன் அண்ணன் பொண்டாட்டி இல்லை என்று எவ்வளவோ சொல்லிப்பார்த்தான். அவன் கையெழுத்தை அவனிடமே காட்டினார்கள். கொல்லை எனக்கும் மகளுக்கும் என்று தீர்ப்பானது.

காதை அறுத்ததற்கு மூன்று மாதம் உள்ளே இருந்தேன். மகளை என் அம்மா வைத்துக்கொண்டாள். காதை அறுத்தது தப்பென்று நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. வெளியே வந்த வருஷம் முறிந்த கை வளைந்தே கூடியிருந்தது. அந்தக் கையாலேயே முதல் கரும்பை வெட்டிச் சாய்த்துவிட்டுத்தான் ஆட்களை உள்ளே இறங்கச் சொன்னேன்.