அரை நாள் அட்டை

பினாங்கில் ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று நான் பசாரில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். விமானச் சத்தம் கேட்டு எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். நம்முடைய விமானம்தான் என்று யாரோ சொன்னார்கள், நானும் நம்பினேன். கண் விழித்தபோது ஆஸ்பத்திரித் தரையில் கிடந்தேன். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

என் பெயர் செல்லம்மா. ஒன்றரை வருஷம் கழித்து என் வீட்டுக்காரரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு ஐந்து.

குண்டில் கை கால் போனவர்களுக்கு நகர ஆபீசில் ஓர் அட்டை கொடுத்தார்கள். ‘வேலை செய்ய இயலாதவர்’ என்று அதில் எழுதியிருக்கும். மாதம் ஒருமுறை அதைக் காட்டி அரிசி வாங்கலாம். எவ்வளவு சிக்கனமாகக் காய்ச்சினாலும் அது பத்து நாளுக்குத்தான் வரும். மற்ற நாளெல்லாம் மரவள்ளிக்கிழங்கு, அதுவும் கிடைத்தால். சின்னவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. சோறில்லாத வீக்கம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். நான் அழுத அழுகை முருகனுக்குத்தான் தெரியும்.

அழுதுகொண்டே இருந்தால் ஆகுமா? வேலை தேடிக் கிளம்பினேன். துணி கிடைக்காத காலம் அது. சாக்கை வெட்டிக் கால்சட்டை தைக்கும் பாய் ஒருவரிடம் போய், மிஷின் மிதிக்க ஒரு கால் போதும் என்று அடம்பிடித்து, மிதித்தும் காட்டினேன்.

“சரி தங்கச்சி, காலையில மட்டும் வா லா. மத்தியானத்துக்கு மேல உன் ஒடம்பு தாங்காது” என்றார் பாய்.

அவர் சொன்னது சரிதான். மதியம் ஆவதற்குள் மரக்கால் உரசி, வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தம் கசிந்துவிடும். கூலியாக மரவள்ளியும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் கொடுப்பார். முழு நாள் வேலை என்னால் முடியாது. அரை நாள் வேலை செய்வது தெரிந்தாலோ அட்டை போய்விடும். ஜப்பான்காரனை ஏமாற்றினால் என்ன நடக்கும் என்பதை அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்சந்து வழியாகக் கடைக்குப் போவேன். யாராவது வந்தால் மிஷினை விட்டு நகர்ந்து, சும்மா பேச வந்தவள் போல உட்கார்ந்துகொள்வேன்.

தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டேன். ‘நான் வேலை செய்வது யாருக்கும் தெரியக் கூடாது. தைப்பூசம் வரை காப்பாற்று, பால்குடம் எடுத்து உன் மலை ஏறி வருகிறேன்.’ அவனும் காப்பாற்றினான். தைப்பூசமும் வந்தது. வேண்டுதலைச் செலுத்தாமல் இருக்க முடியுமா?

அடிவாரத்தில் மரக்காலைக் கழற்றிப் பெரியவளிடம் கொடுத்தேன். படியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, உடம்பை அடுத்த படிக்குத் தூக்குவேன். பிறகு பால்குடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். இப்படியே ஒவ்வொரு படியாக ஏறினேன். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டு ‘வேல் வேல்’ என்றது. யாருக்கும் தெரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, ஊரே பார்க்க மலை ஏறிய புத்திசாலி உலகத்திலேயே நான் ஒருத்திதான்!

உச்சிக்குப் போய்க் கீழே பார்த்தால், கும்பிட்ட கையோடு நிற்கிறார் நகர ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. அட்டையில் என் பெயரை எழுதிக் கொடுத்த யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கு உயிரே போய்விட்டது.

நாலாம் நாள் ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. கிராணிதான் காட்டிக்கொடுத்தார் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். முருகனையும் விடவில்லை. ‘உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் போய்த்தானே மாட்டிக்கொண்டேன்?’ என்று சண்டை போட்டேன். ஆனால் புறப்படும் முன் விளக்கேற்றி நின்றபோது, மறைத்துக் காப்பாற்று என்று கேட்க நாக்கு எழவில்லை. ‘என் பிள்ளைகளின் சோறு போகக் கூடாது. நான் பேச வேண்டியதை நீயே பேசு’ என்று மட்டும் சொன்னேன்.

ஜப்பான் அதிகாரி ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற கிராணி அதைத் தமிழில் சொன்னார்.

“பிள்ளை, மலை ஏறின உமக்கு வேலை செய்ய ஏலாதோ எண்டு கேக்கிறார்.”

“செய்றேன் ஐயா. காலையில மட்டும் தையல் கடையில சாக்குத் தைக்கிறேன். அதுக்கு மேல முடியல. இதோ பாருங்க.”

என் வாயா இதைச் சொன்னது என்று எனக்கே திகைப்பு. மரக்காலைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். சுற்றியிருந்த துணி ரத்தத்தில் நனைந்திருந்தது. கிராணிக்கு முகம் வெளுத்துப் போனது. தையல் கடை விஷயம் அவருக்கே அப்போதுதான் தெரியும். இருந்தாலும் நான் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார்.

அதிகாரி எழுந்து வாசல் படியைக் காட்டினார். மலையில் ஏறியது போல ஏறிக் காட்ட வேண்டுமாம். ஏறினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். எட்டாவது படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கிராணி அட்டையில் இருந்ததை அடித்துவிட்டு ‘அரை நாள் வேலை’ என்று எழுதினார். அரிசி இனிமேல் பாதிதான் என்றார்.

பாதியா! வெளியே வந்து ஆத்திரத்தில் அழுதேன். கிராணி பின்னாலேயே வந்தார்.

“விளங்கேல்லையோ பிள்ளை? இனி நீர் வேலை செய்யிறது களவில்லை. வேலை செய்யிற ஆக்களுக்குக் குடுக்கிற அரிசி, கடைப் பேரில உமக்கும் வரும். ரெண்டையும் சேர்த்துப் பாரும். மலையில உம்மைக் கண்டு கும்பிட்டனான், அவ்வளவுதான். ஒருத்தருக்கும் நான் சொல்லேல்லை. ஊரே கண்டது அதிகாரிக்குத் தெரியாமல் போகுமோ?”

மனதுக்குள் அவரைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. அங்கேயே அவரைக் கும்பிட்டேன்.

மறுநாள் கடைக்கு முன்வாசல் வழியாகப் போனேன். பாய் சிரித்துக்கொண்டே மிஷினை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டார். இரண்டு அரிசியும் சேர்ந்து இருபது நாளுக்கு மேல் வந்தது. சின்னவளின் கால் வீக்கம் மெல்ல வடிந்தது. பயந்து ஒளிந்து வேலை செய்த இன்னும் இரண்டு பேரை, ஒருவருக்குக் கை இல்லை, ஒருவருக்குக் கண் இல்லை, நானே கிராணியிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர்களுக்கும் அதே அட்டை கிடைத்தது.

முருகனை நம்பும் சகோதர சகோதரிகளே, உங்கள் கஷ்டம் எதுவானாலும் அவனிடம் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். நான் கேட்டபடி மறைக்காமல், என்னை ஊரறிய நிறுத்தியே காப்பாற்றினான். புது அட்டையில் வாங்கிய அரிசியை வடித்துப் போட்ட அன்று, சின்னவள் தட்டை வழித்துவிட்டு, “அம்மா, நாளைக்கும் சோறு இருக்கா?” என்றாள். பல மாதமாக அந்தக் கேள்விக்குப் பொய்யே சொல்லி வந்தேன். அன்று பானையைத் திறந்து காட்டி, “இருக்குடி” என்றேன்.