தட்டு திருப்பும் இடம்

ஆதிலட்சுமி அம்மாளும் என் பெரியப்பா இராமதாஸும் முதன்முதலில் பேசிக்கொண்டது 1956-இல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெரியப்பா வீட்டில் ஞாயிறுதோறும் கூடும் இசைச் சபையின் வாசலில் நான் நின்றிருந்தேன்.

ஆள் தள்ளிக்கொண்டு வரும் புஷ்புஷ் வண்டியில், மடியில் கிராமபோன் பெட்டியோடு அந்த அம்மாள் வந்து இறங்கினார். பெரியப்பா படியிறங்கிப் போய்ப் பிரெஞ்சில் நல்வரவு சொன்னார். அவரும் பிரெஞ்சிலேயே கேட்டார்: “தூ தான் இங்கே தலைவரா?”

பிரெஞ்சில் ‘நீ’ என்பதற்குத் ‘தூ’. ‘நீங்கள்’ என்பதற்கு ‘வூ’. அந்த அம்மாளைப்போல் சைகோன் சந்தையில் காய்கறிக்காரர்களிடம் பிரெஞ்சு கற்றவர்களுக்கு ‘வூ’ வராது. பெரியப்பாவோ கோர்ட்டில் தீர்ப்புகளை எழுதிவைக்கும் கிரெஃபியேவாக இருந்து ஓய்வு பெற்றவர். நீதிபதிகள்கூட அவரைத் ‘தூ’ என்றதில்லை.

“மதாம், முதல் சந்திப்பில் ‘வூ’ என்பதே மரியாதை.”

“எனக்கு அது வராது.”

“அப்படியானால் குறைவாகப் பேசுங்கள்.”

அந்த அம்மாள் பெட்டியைப் படியில் வைத்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். “யோவ், வூட்டுக்கு பெட்டிய தூக்கிக்கினு வந்தவகிட்ட பேசுற பேச்சா இது? தூன்னா இன்னா, மூஞ்சில துப்பிட்ட மாரி குதிக்கிற?”

“இங்கே தமிழுக்கு அனுமதி இல்லை. எங்கள் சபையில் பிரெஞ்சு மட்டுமே பேசப்படும்.”

“தமிழு புரியாதா உனக்கு?”

பெரியப்பா புரியாதவர்போல் தெருவைப் பார்த்தார். மோரில் உப்பில்லை என்று அன்று காலையில்தான் பெரியம்மாவை மூச்சுவிடாமல் தமிழில் திட்டியிருந்தார்.

ஆதிலட்சுமி அம்மாள் என் பக்கம் திரும்பினார். “ஏ பொண்ணு, படிச்சவளா நீ?”

“பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல பிரவே பரீட்சை முடிச்சிருக்கேங்க. தமிழும் படிச்சேன்.”

“அப்ப இந்தத் தொரைக்கு பிரெஞ்சில சொல்லு. என் பெட்டி வேணும்னா என் பேச்சையும் கேக்கணும். வேணாம்னா, வண்டிக்காரன் இன்னும் போகல.”

நான் சொன்னேன். அப்போதுதான் காதில் விழுந்ததுபோல் பெரியப்பா மெல்லத் தலையசைத்தார். “உள்ளே வரச் சொல்,” என்றார்.

ஆறு ஆண்டுகள் இப்படியே நடந்தது. அந்த அம்மாள் தமிழில் பேசுவார், எல்லோருக்கும் புரியும், நான் பிரெஞ்சில் சொல்லி முடிக்கும்வரை யாருக்கும் புரியாது. சபையினரின் பிரெஞ்சை இங்கே தமிழாக்கித் தந்திருக்கிறேன். அந்த அம்மாள் பேசியதை அப்படியே விட்டிருக்கிறேன்.

அவரை எனக்குப் பிடித்ததில்லை. உயரமான, எலும்பு தெரியும் உடம்பு. பேசும்போது எதிராளியின் நெற்றியைப் பார்ப்பார். கொடுத்த காப்பியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். ஊரையொட்டிய சாரம் என்ற பகுதியில் ஒரு ஆலைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். பதினைந்து வயதில் கலியாணமாகிச் சைகோனுக்குக் கப்பலேறினார். அங்கே கணவர் ஒரு ரப்பர் கம்பெனி மேலாளரின் பங்களாவில் காவலாளி. யுத்த காலத்தில் மேலாளர் ஓடிப்போனபோது கிராமபோனையும் ஒரே ஒரு இசைத்தட்டுக் கட்டையும் விட்டுப் போனார். ஜப்பான்காரர்கள் தெருவில் இருந்த மாதங்களில் கணவனும் மனைவியும் கதவை அடைத்துக்கொண்டு அதையே கேட்டார்கள். ஊசி தீர்ந்தபோது மூங்கிலைச் சீவி ஊசியாக்கினார்கள். கணவர் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். இந்த அம்மாள் 1955-இல் பெட்டியோடு ஊர் திரும்பி, குருசுக்குப்பத்தில் மீனவர் வீடுகளுக்கு நடுவே ஒரு அறையில் குடியிருந்தார். தையல் வேலை செய்தார். அக்கம்பக்கத்தில் அவரோடு பேசுவாரில்லை. எல்லோரோடும் ஒவ்வொரு சண்டை போட்டு முடித்திருந்தார்.

அந்தக் கட்டின் தட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு பியானோ கொன்செர்த்தோ; நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டைத் திருப்ப வேண்டும். ஒரு பியானோவும் ஒரு பெரிய வாத்தியக் குழுவும் வாதும் எதிர்வாதுமாக வாசிப்பது. ஜெர்மன்காரர் ஒருவர் எழுதியது. ‘மி பெமோல்’ என்ற சுருதியில் அமைந்தது. உலகம் முழுவதும் புகழ்பெற்றது. அந்தச் சுருதியை வைத்து எங்கள் சபையில் அதன் பெயரே மிபெமோல். பெரியப்பாவும் நண்பர்களும் பல வருடங்களாக அதைப் பற்றிப் புத்தகங்களில் படித்து, சண்டை போட்டு வந்தார்கள். கேட்டதுதான் இல்லை. ஊரில் இருந்த நல்ல கிராமபோன்களெல்லாம் பிரெஞ்சு ஆட்சி முடிந்த 1954-க்குப் பிறகு வெள்ளைக்காரர்களோடு கப்பலேறிவிட்டன. அதனால்தான் அந்த அம்மாளைச் சகித்துக்கொண்டார்கள்.

கேட்டதும் வைய ஆரம்பித்தார்கள். அதில் வாசித்தவர் பாரிஸ்காரர், வயதானவர்.

“முதல் பாய்ச்சலிலேயே இரண்டு சுரம் தவறு,” என்றார் கணக்கு வாத்தியார் தெய்வசிகாமணி. “என் மாணவனாக இருந்தால் முட்டிபோட வைத்திருப்பேன்.”

“ஓடுறவன் தடுக்குறான். நாற்காலியில ஒக்காந்துக்கினு இருக்கிற இவரு எங்க தடுக்கி வுழுவாரு? சொல்லு பொண்ணு.”

நான் பிரெஞ்சில் சொல்லி முடிக்கும்வரை வாத்தியார் கோபப்படக் காத்திருந்தார். காதுமடல்கள் மட்டும் முன்னதாகவே சிவந்துவிட்டன.

“இடது கை மோசம்,” என்றார் பெரியப்பா. “கல்லில் ஈரத்துணியை அடிப்பதுபோல.”

“என்னைக்காவது துணி தொவைச்சிருக்கியா நீ? கேளு அவர.”

“நிச்சயம் ஈரத்துணி,” என்றார் மருந்துக்கடை ராஜாங்கம். கடைசியாக யார் பேசினாலும் அதையே திருப்பிச் சொல்வது அவர் வழக்கம். தபால் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாராயணசாமிக்கு ஒரு காது கேட்காது. அவர் மட்டும், “நன்றாகத்தான் இருக்கிறது,” என்பார். அதற்கும் திட்டு வாங்குவார்.

“தட்டில் குருசுக்குப்பத்துக் காற்று ஏறியிருக்கிறது,” என்றார் வாத்தியார் ஒருமுறை. “வாத்தியக் குழு மொத்தமும் மீன் நாற்றம் அடிக்கிறது.”

அடுத்த ஞாயிறு அவருடைய நாற்காலிக்கு அடியில் ஒரு கருவாட்டுப் பொட்டலம் இருந்தது. கச்சேரி முழுவதும் அவர் மூக்கைத் திருப்பித் திருப்பி ராஜாங்கத்தைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தனையிலும் ஒரு இடம் மட்டும் தப்பியது. நடுவில் வரும் மெதுவான பகுதி முடியும்போது ஒரு சுரம் நின்று அரைப்படி கீழே இறங்க, பியானோ அடுத்து வரப்போகும் துள்ளலான மெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். அந்தத் தொடுகையோடு தட்டின் பக்கம் முடிந்துவிடும். ஆதிலட்சுமி அம்மாள் எழுந்து, தட்டைத் திருப்பி, ஊசி மாற்றி, சாவி கொடுத்து மறுபடி வைப்பார். அதுவரை அறையில் யாரும் பேச மாட்டார்கள். பெரியப்பா பொடி டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை போட்டு, மூடி வைப்பார். அவர் மூடுவதற்கும் பியானோ எழுவதற்கும் சரியாக இருக்கும்.

1962 தொடக்கத்தில், பாரிஸில் இருந்த பெரியப்பாவின் மகன் புதுவகைப் பெரிய தட்டு ஒன்றையும் அதைச் சுழற்றும் மின்சாரப் பெட்டியையும் அனுப்பிவைத்தார். அதே மிபெமோல், பெர்லின்காரர் ஒருவர் வாசித்தது. திருப்பும் வேலை பாதியில் ஒரே ஒரு தடவைதான். அந்த ஆண்டு ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேரப்போவது உறுதியாகியிருந்தது. அதற்குமுன் ஊர்ப் பெரியவர்களை அழைத்து ஒரு மாலை முழுதும் மிபெமோலைக் கேட்கவைக்க வேண்டும் என்பது சபையின் திட்டம். எந்தத் தட்டைப் போடுவது என்று வாக்கெடுக்க முடிவாயிற்று.

“எனக்கு ஓட்டு உண்டுல்ல?” என்றார் ஆதிலட்சுமி அம்மாள்.

நான் பெயர்த்துச் சொன்னேன். பெரியப்பா அவரைப் பார்க்காமலே பதில் சொன்னார். “பிரவே தேறாதவர்களுக்கு வாக்கு இல்லை. தட்டு திருப்புகிறவர்களைக் கேட்டு எந்தச் சபையும் முடிவெடுப்பதில்லை.”

இருபத்து மூன்று வயதில் எனக்கு வாக்கு இருந்தது. அவருக்கு இல்லை. பெர்லின்காரர் வென்றால் பழைய பெட்டி தேவைப்படாது. பெட்டி தேவைப்படாவிட்டால் அவரையும் கூப்பிட மாட்டார்கள். வாரத்தில் அவர் வாய்திறந்து பேசுகிற வீடு அது ஒன்றுதான். ஆறு ஆண்டுகளாக அங்கே அவர் சொன்ன எதையும் யாரும் ஒரு கருத்தாக எடுத்துக்கொண்டதில்லை என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

வாக்கெடுப்பு நாளில் முதலில் பெர்லின் தட்டைப் போட்டார்கள். ஒரு சுரம் தவறவில்லை. “இதுதான் வாசிப்பு,” என்றார் வாத்தியார். “குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான்.”

“பொணத்தையும்தான் குளிப்பாட்டுவாங்க,” என்றார் அந்த அம்மாள்.

மெதுவான பகுதி முடிந்தது. சுரம் அரைப்படி இறங்கியது. பெரியப்பா பொடி டப்பாவைத் திறந்தார். நாராயணசாமி காலை மாற்றிப் போட்டார். நானும், எதற்கென்று தெரியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பெர்லின்காரர் நிற்கவில்லை. பெரியப்பாவின் விரல் மூக்கில் இருக்கும்போதே துள்ளல் மெட்டு வெடித்துக் கிளம்பியது. அவர் தும்ம ஆரம்பித்தார். கடைசிப் பகுதி முழுக்கத் தும்மினார்.

“முழுங்கிட்டான்!” ஆதிலட்சுமி அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். “மூச்சு வுடுற எடத்த முழுங்கிட்டான். சொல்லு பொண்ணு, சொல்லு! அங்க ஒரு மூச்சு இருக்குது. அத வாசிக்கத் தெரியாதவன் இன்னா வாசிக்கிறான்?”

சொன்னேன். வாத்தியார் சிரித்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அச்சிட்ட சுரப் புத்தகத்தைக் கொண்டுவந்து அந்த இடத்தில் விரலை வைத்தார். “மதாம், இங்கே இடைவெளியே இல்லை. நிற்காமல் தொடர வேண்டும் என்று எழுதியே இருக்கிறது. நீங்கள் கேட்டது மூச்சல்ல. தட்டு தீர்ந்துபோனது!”

ராஜாங்கமும் சிரித்தார். “தட்டு தீர்ந்துபோனது!”

“காயிதத்தப் பாத்துக்கினே கேக்கிறவனுக்குக் காது எதுக்கு?” என்றார் அந்த அம்மாள். ஆனால் குரல் இறங்கியிருந்தது. அதைப் பெயர்க்கச் சொல்லி என்னைக் கேட்கவில்லை. கொல்லைப்புறம் போய்விட்டார். தண்ணீர் கொண்டுபோகச் சொல்லிப் பெரியம்மா என்னை அனுப்பினார்.

நாங்கள் திரும்பி வந்தபோது பெரியப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். “பெர்லின்காரர் சிறந்தவர். ஒரே குறை, கடைசிப் பகுதிக்குள் சற்று அவசரமாக நுழைகிறார்.”

“அவசரம்தான்,” என்றார் ராஜாங்கம்.

வாத்தியார் புத்தகத்தை மூடினார். “அவசரமா? எழுதியபடிதானே நுழைகிறார்? நீங்களும் அந்த அம்மாள் பக்கமா?”

“நான் கிரெஃபியே. என் காதைச் சந்தேகிக்காதீர்கள்.”

“உங்கள் காதையல்ல, மூக்கைச் சந்தேகிக்கிறேன்!”

நான் அதுவரை அந்தச் சபையில் கேட்காத ஒன்றை அப்போது கேட்டேன். பெரியப்பா தமிழில் கத்தினார். “வாத்தி, வாய மூடு!”

ஆதிலட்சுமி அம்மாள் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “பொண்ணு, தொரை இன்னா சொல்றாரு? எனக்கு புரியல. பிரெஞ்சில சொல்லச் சொல்லு.”

அந்தக் கோபத்திலேயே வாக்கெடுப்பு நடந்தது. பெர்லின்காரருக்குப் பெரியப்பாவும் வாத்தியாரும் கை தூக்கினார்கள். கடைசியாகப் பேசியது யார் என்று தீர்மானிக்க முடியாமல் ராஜாங்கம் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டார். பாரிஸ்காரருக்கு என்றதும் நாராயணசாமி தூக்கினார். நானும் தூக்கினேன். கோர்ட் பழக்கத்தில் பெரியப்பா தலைகளைப் பார்க்காமல் கைகளை எண்ணி, “மூன்று. பாரிஸ்காரர் வென்றார்,” என்று அறிவித்துவிட்டார். பிறகுதான் முகங்களைப் பார்த்தார்.

நான் கைகளை இறக்கவில்லை.

“இது மோசடி!” என்றார் வாத்தியார்.

“அறிவித்தது அறிவித்ததுதான்,” என்றார் நாராயணசாமி, வாழ்க்கையில் முதல்முறையாக உரத்த குரலில். பெரியப்பா வாக்கெடுப்பு செல்லாது என்றார். அறிவித்ததை மாற்றும் அதிகாரம் கிரெஃபியேவுக்கு ஏது என்று நாராயணசாமி கேட்டார். வாத்தியார் சுரப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியேறினார். ஊர்ப் பெரியவர்களுக்கான மாலை நடக்கவே இல்லை. சபையும் அதற்குப் பிறகு கூடவில்லை. பெரியப்பா என்னோடு பல மாதம் பேசவில்லை, எந்த மொழியிலும்.

ஆதிலட்சுமி அம்மாள் அன்று பெட்டியை மூடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். எனக்கு நன்றி சொல்லவில்லை. காப்பி தண்ணியாக இருந்தது என்று மட்டும் சொன்னார். பிறகு கடற்கரைப் பக்கம் இரண்டு மூன்று முறை பார்த்தேன். ஒருமுறை மீன்காரி ஒருத்தியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

கொல்லைப்புறத்தில் அவர் பேசியதை இதுவரை யாருக்கும் நான் பெயர்த்துச் சொன்னதில்லை. கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து, நான் கொடுத்த தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார்.

“வாத்தி சொல்றது சரிதான் போல. அங்க ஒண்ணுமில்ல. எத்தினி வருஷமா திருப்புறேன், என் கையி பாட்டுலயே சேந்துபோயிருக்குது,” என்றார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். “ஆனா உங்க பெரியப்பன் பொடி டப்பாவ எந்த எடத்துல தொறந்தான்? பாத்தியா நீ?”

“பாத்தேங்க.”

“பாத்தல்ல.” சொம்பை என்னிடம் நீட்டினார். “எனக்கு பிரவே இல்ல, ஓட்டு இல்ல. பொண்ணு, கை தூக்கச்சொல்லோ நீ ரெண்டு கையையும் தூக்கு. ஒண்ணு எனக்கு.”