நுகத்தடியைத் தொடக்கூடாதாம்

கண்ணுகளா, பெரியப்பா வீட்டுச் சுவரில் கோப்பையோடு அவர் நிற்கிற போட்டோவைக் காட்டி, "பெரியப்பா வளர்த்த காளை" என்று இனிமேல் சொல்லாதீர்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் காளையை வளர்த்தது உங்கள் அம்மா. தாய் செத்துப்போன கன்றுக்குப் புட்டியில் பால் கொடுத்தவள் அவள். பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றியதும், வண்டியில் கட்டிப் பழக்கியதும் அவள்தான். நான் சிங்காநல்லூர் பட்டறைக்குப் போய்விடுவேன். ரேக்ளா பந்தய வண்டியில் ஏறி ஓட்டிக் கோப்பை வாங்கியது மட்டும் பெரியப்பா.

அம்மா கை பட்டால்தான் அது நுகத்துக்குத் தலை குனியும். உள்ளூர்ப் பந்தயம் என்றால் வீட்டிலேயே பூட்டி அனுப்பிவிடுவாள். நீங்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது பல்லடம் பக்கம் ஒரு பந்தயம் வந்தது. காளைகளை டெம்போவில் ஏற்றிப் போனோம். அம்மாவும் வந்தாள். ஆனால் பெண்கள் டெம்போவை விட்டு இறங்கக் கூடாதாம்.

ஜோடியாக ஓடும் மற்றக் காளை நுகத்தில் பூட்ட நின்றுவிட்டது. நம் காளை தலையை உதறிக்கொண்டே இருந்தது. பெரியப்பா மாட்டை விரட்டுகிற தார்க்குச்சியின் முனை ஆணியை அதன் தொடையில் இறக்கினார். ரத்தம் கோடாக இறங்கியது. அம்மா குதித்து ஓடிவந்தாள்.

"குத்தாதீங்க மாமா! நான் பூட்டித் தாரேனுங்க."

கமிட்டிக்காரர் ஒருவர் மறித்தார். "ஏனுங்க அம்மணி, பந்தயத்தன்னைக்கு நுகத்தடியப் பொம்பள தொட்டா வண்டி ஓடுமுங்களா?"

"ஊட்டுல தெனமும் நாந்தானுங்க தொடறேன். ஓடாமயா கோப்ப வாங்குச்சு?"

கூட்டத்தில் ஒருவன் என்னைப் பார்த்து, "அண்ணா, மாட்ட அவுத்துப்போட்டு நீங்க நில்லுங்க. அம்மணி சொன்னா நீங்க ஓடுவீங்களாட்ட இருக்குது!" என்றான். மைக்கில் இருந்தவர் அதை ஊருக்கே சொல்லிச் சிரித்தார்.

பெரியப்பா மறுபடியும் குச்சியை ஓங்கினார். அம்மா காயத்தை உள்ளங்கையால் மூடினாள். ஆணி அவள் புறங்கையைக் கிழித்தது. அப்போதும் அந்த மனிதர் சொன்னது, "ஆம்பளைங்க வெளையாட்டுல உனக்கென்ன வேல?"

கோபத்தில் எனக்குக் கண் மண் தெரியவில்லை. கயிற்றை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். "இது ஓடாதுங்க. நாங்க போறோம்."

"மானத்த வாங்கிப்போட்டியேடா!"

"ஆணி குத்தித்தான் மானம் வருமுங்களாண்ணா?"

ஊரே கூடி வேடிக்கை பார்க்கக் காளை வேண்டும். அதை வளர்த்த கை மட்டும் அங்கே ஆகாது. இதற்குப் பெயர் வீரமாம். இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

சாயங்காலம் அம்மா கட்டுத்தரையில் காளைக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நான் தனியாகப் பெரியப்பாவின் வண்டிக் கொட்டகைக்குப் போனேன். அங்கே சாத்தியிருந்த தார்க்குச்சிகளின் ஆணிகளைக் கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். குச்சிகளை இருந்த இடத்திலேயே சாத்திவிட்டு வந்தேன்.