பாய் வீட்டுப் பத்திரம்

தொண்ணூறுகளின் நடுவில் உத்திரமேரூரில் ஒரு ஓட்டு வீடு வாங்கினோம். அதே நாளில் பக்கத்து வீட்டைப் பாத்திரக்கடை பாய் வாங்கினார். இரண்டையும் விற்றவர் ஒருவரே, தாமலில் பயிர் வைத்திருந்த பெரியவர். பத்திரத்தை நான் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன், பீரோவில் வைத்தேன்.

மூன்று வருடம் கழித்து, கரண்ட் இணைப்பை என் பெயருக்கு மாற்றப் பத்திர நகல் கேட்டார்கள். பத்திரத்தை எடுத்த என் மனைவி, ஜெராக்ஸ் கடைக்குப் போகாமல் தரையில் உட்கார்ந்து படித்தாள். பிறகு, ஜாக்கெட் தைக்க வைத்திருந்த டேப்பால் வீட்டின் முன்பக்கத்தை அளந்தாள். பத்திரத்தில் அகலம் முப்பது அடி. வீடு இருபத்துநாலுதான் இருந்தது.

"ஆறடி ஏமாத்திட்டாரா?" என்றேன்.

"இல்லங்க. கிழக்கே காலி மனைன்னு போட்டுக்கீது. நமக்குக் கிழக்கால பாய் வூடு. அவர் வூட்டுக்குக் கிழக்காலதான் காலி மனை கீது. இது அவர் வூட்டுப் பத்திரம்."

டைப் அடித்தவர் இரண்டையும் மாற்றி அடித்துவிட்டார். காகிதப்படி, பாயின் பெரிய வீடு எங்களுடையது. ஒரு நிமிடம் என் மனசு எங்கோ போனதை மறைக்க விரும்பவில்லை. "இப்பவே சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"மாடி கட்ட செங்கல் இறக்கிக்கினு கீறாங்க. நம்ம பேர்ல கீற இடத்துல," என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பாய் தன் பத்திரத்தைக் கொண்டுவந்தார். அதில் எங்கள் வீடு இருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவர், "நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது தங்கச்சி," என்றார். மறுநாளே கொத்தனாரை வர வேண்டாமென்று நிறுத்தினார்.

பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு, விற்ற பெரியவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். "வித்தாச்சு, இன்னும் இன்னா?" என்று முதல் முறை அவர் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த முறை அவள் என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வயலுக்கே போனாள். நடவு நடந்துகொண்டிருந்தது. அவர் கரையேறும் வரை வரப்பிலேயே நின்றாள்.

"நைனா, நாளைக்கு நீங்க இல்லாதபோனா இந்தக் கையெழுத்த யார்கிட்ட போயி கேப்போம்? உங்க புள்ளைங்களத்தான் கோர்ட்டுக்கு இழுக்கணும்."

எனக்குப் பதறியது. அவரோ கால் சேற்றைக் கழுவிக்கொண்டே சிரித்துவிட்டார். "திங்கக்கிழமை வரேம்மா."

சொன்னபடி வந்தார். பதிவு அலுவலகத்துக்கு எதிரே, பத்திரம் எழுதுபவர் தாள்களை நீட்டி, "எல்லாம் சரியா கீது, போடுங்க," என்றார். நான் பேனாவைத் திறந்தேன். அவள் கை நீட்டித் தாள்களை வாங்கிக்கொண்டாள். நாலு எல்லைகளையும் அளவுகளையும் சர்வே எண்ணையும் விரல் வைத்துப் படித்தாள்.

"உள்ள கூப்புடுறாங்கம்மா," என்று எழுதியவர் அவசரப்படுத்தினார்.

"படிக்கட்டும்," என்றார் பாய். பெரியவரும் தலையாட்டினார். கடைசி வரியை முடித்து அவள் நிமிர்ந்த பிறகே நாங்கள் கையெழுத்துப் போட்டோம். மத்தியானத்துக்குள் பதிவு முடிந்தது.

நான் ஆபீஸில் ஃபைல் பார்த்துச் சம்பளம் வாங்கியவன். பத்தாவதோடு நின்றவள் அவள். ஒரு காகிதத்தை அப்படி நான் அதுவரை படித்ததில்லை.