பாவாவுக்குக் கேட்காத விளக்கு

போன மாதம் அக்கா வீட்டில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, ஒரு முழத்துக்கும் குறைவான டியூப் லைட் ஒன்று கிழிந்த லுங்கியில் சுற்றியபடி கிடைத்தது. கூடவே வயர் தொங்கும் ஒரு தகர டப்பா. அக்கா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "உங்க பாவாவோட லைட்டு" என்றாள். எனக்குத் தெரியாதா என்ன? அந்த விளக்கால் அவள் குடும்பமே உடைய இருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

அக்காவின் கணவரை எங்கள் பக்கத்தில் பாவா என்போம். மீசை முளைக்கும் முன்பே பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் தறி ஓட்டப் போனவர். எழுபதுகளின் கடைசியில், இனி ஒருத்தனிடம் கைகட்டி நிற்கமாட்டேன் என்று ஒரு பழைய வேனை வாங்கினார். லுங்கி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நகரி, புத்தூர் என்று ஆந்திரச் சந்தைகளுக்குப் போவது, அங்கேயே தங்கி விற்பது. வேனுக்குள் பலகைக் கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்க் குடம் உருளாமலிருக்க ஒரு வளையம். அக்காவும் கூடவே வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. வீட்டில் இருவரும் முகம் கொடுத்துப் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. வண்டியிலாவது ஒட்டுவார்கள் என்று அம்மா நினைத்தாள்.

இருட்டினால் வெளிச்சம் வேண்டுமே. துணி மூட்டைக்கு நடுவே மண்ணெண்ணெய் விளக்கு வைக்க முடியாது. கார் பல்பு போட்டால் பேட்டரி இறங்கிப்போய்க் காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டும். திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர்தான் டிரான்சிஸ்டரும் காயிலும் வைத்து அந்த டப்பாவைச் செய்து கொடுத்தார். வண்டி பேட்டரியிலேயே டியூப் லைட் எரியும், கரண்டும் கொஞ்சமாகத்தான் இழுக்கும். பாவாவுக்குத் தலைகால் புரியவில்லை.

புறப்படும் அன்று திருத்தணி மலையேறிக் கும்பிட்டுவிட்டு வந்தோம். அடிவாரத்தில் குளக்கரையோரம் நின்ற வண்டியில், பொழுது சாயும் நேரத்தில் பாவா பெருமையாக விளக்கைப் போட்டார். பால் போல வெளிச்சம். அக்கா காதைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

"கீச்சுனு கத்திகினே கீதுங்க. இதுக்குள்ள என்னால இருக்க முடியாது."

"எங்க கத்துது? எங்கூட வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லு. உங்க அம்மா ஊட்லயே வுட்டுட்டுப் போறேன்."

எனக்கும் அந்தச் சத்தம் ஊசி போலக் கேட்டது. சொன்னேன். "அக்காவும் தங்கச்சியும் பேசி வெச்சிகினு வந்தீங்களா?" என்று என் மீதும் பாய்ந்தார். அக்கா அழவில்லை. வண்டிக்குள் ஏறி, விளக்குக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஒரு லுங்கியை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். "போடுங்க, அணைங்க. எரியுதா இல்லியான்னு நான் சொல்றேன்."

பாவா லேசுப்பட்ட ஆளா? அவளைக் குழப்புவதற்காகச் சுவிட்சை டக்டக்கென்று பலமுறை தட்டிவிட்டு நிறுத்துவார். "எரியுது" என்பாள் அக்கா. மறுபடி தட்டுவார். "இல்ல" என்பாள். ஒருமுறைகூடத் தப்பவில்லை. கடைசியில் வயரையே பிடுங்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டார். "இல்ல" என்றாள்.

பாவா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ எனக்குத்தான் காது கேக்கலியா?"

தறிச் சத்தம் அவர் காதிலிருந்து மெல்லிய ஒலிகளையெல்லாம் அரித்துவிட்டது என்று அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. அக்காவின் குரலோ எப்போதுமே மெல்லியது.

"சமையக்கட்டுலேர்ந்து எத்தினி வாட்டி கூப்ட்டிருப்பேன்," என்றாள் அக்கா, அவர் முகத்தருகே குனிந்து. "வேணும்னே திரும்ப மாட்டேன்றீங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"எங்கிட்ட பேசப் புடிக்காம நீ வாய்க்குள்ளயே முணுமுணுக்கறன்னு நான் நெனச்சிகினு இருந்தேன்."

எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாகிவிட்டது. குளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாவா எழுந்து விளக்கைக் கழற்றப் போனார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். தறி ஷெட்டுல வாயைப் பாத்துத்தான பேச்சு புரிஞ்சிக்குவீங்க? இருட்டுல நான் பேசுனா எப்டித் தெரியும்?"

அதன்பின் அத்தனை வருடமும் வண்டியில் அந்த விளக்கு எரிந்தது. அக்கா காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, விளக்குக்கு நேராக முகத்தைக் காட்டிப் பேசுவாள். பாவாவின் குரல் எந்தப் பஞ்சையும் துளைத்துக்கொண்டு போகும் என்பதால் கஷ்டமில்லை. வண்டியை விற்ற பிறகும் விளக்கை மட்டும் கொடுக்கவில்லை. பாவா போய் இரண்டு வருடமாகிறது.

அக்கா மகன் அந்த டப்பாவைத் துடைத்து, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் வயரைத் தொட்டான். டியூப் இரண்டு முறை மினுக்கி எரிந்தது. அக்காவும் நானும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு சத்தமும் இல்லை. டப்பாவில் ஏதோ கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். அக்காவின் முகம் வாடிவிட்டது.

அடுப்படியிலிருந்து மருமகள் ஓடிவந்தாள். "இன்னா அத்தே இது, கீச்சுனு கத்துது? காதெல்லாம் கூசுது. அணைச்சிடட்டுமா?"

வயசான அக்காவின் காதில் அவள் பேச்சுகூடச் சரியாக விழவில்லை. இன்னா சொல்றா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் வெளிச்சத்துக்கு நேராக முகத்தைக் காட்டி, "கத்துதாம்க்கா" என்றேன்.

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"கத்தட்டும்," என்றாள். "அணைக்காத."